ஹெக்ஸ் ரூட்டரில் ஓஎஸ்பிஎஃப்: குன்னூரில் இருக்கும் ரூட் ஊட்டிக்கு ஏன் தெரிவதில்லை?

தொழிற்சாலை ஒரு மலையில், அலுவலகம் இன்னொரு மலையில், பச்சை இலை எடை போடும் ஷெட் நடுவே ஒரு பள்ளத்தில். நீலகிரியில் இப்படி நான்கைந்து இடங்களை ஒரே நெட்வொர்க்காகக் கட்டுகிறவர்கள் விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பெட்டிகளில் ஒன்று மைக்ரோடிக் ஹெக்ஸ், மாடல் ஆர்பி750ஜிஆர்3. ஐந்து கிகாபிட் போர்ட், 880 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு கோர் பிராசஸர், 256 எம்பி ராம், 16 எம்பி ஃபிளாஷ். வேகம் எவ்வளவு, இணைய லைனை எப்படிப் பிரித்துக் கொடுக்கும் என்பதெல்லாம் பலர் எழுதியாகிவிட்டது. இங்கே பார்ப்பது ஒன்றுதான். ஓஎஸ்பிஎஃப் என்பது எந்த முகவரிக்கு எந்த வழி, அதாவது ரூட், என்று ரூட்டர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் முறை; ஏரியா என்பது அதில் பிரித்துவைத்த ஒரு பகுதி. ஏரியா பிரித்து ஓஎஸ்பிஎஃப் ஓட்டும்போது ஒரு ஏரியாவின் ரூட் இன்னொரு ஏரியாவில் காணாமல் போனால், காரணத்தைக் கண்டுபிடிக்க ஹெக்ஸில் ஓடும் மென்பொருளான ரூட்டர்ஓஎஸ் 7 எவ்வளவு கைகொடுக்கிறது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இருப்பதை உள்ளபடி காட்டுகிறது. இல்லாதது ஏன் இல்லை என்று கேட்டால் வாயே திறக்காது. அந்தப் பாதி வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

பேச்சுக்கு ஓர் அமைப்பை வைத்துக்கொள்வோம். குன்னூர் அலுவலகம் 10.20.0.0/24, ஊட்டி அலுவலகம் 10.21.0.0/24, இரண்டும் ஏரியா 0, அதாவது மற்ற ஏரியாக்களை இணைக்கும் பேக்போன். கோத்தகிரி தொழிற்சாலை 10.30.1.0/24, ஏரியா 1; அங்கிருந்து குன்னூருக்கும் ஊட்டிக்கும் தனித்தனி லிங்க். கீழ்கோத்தகிரி ஷெட் 10.40.1.0/24, கோத்தகிரிக்குப் பின்னால் தொங்குகிறது. மஞ்சூர் 10.50.1.0/24, குன்னூரோடு சேர்ந்த ஏரியா 3, அது ஸ்டப், அதாவது ஓஎஸ்பிஎஃபுக்கு வெளியிலிருந்து வரும் ரூட்டை உள்ளே விடாத ஏரியா.

பெட்டியைப் பிரித்தவுடனேயே முதல் பள்ளம் காத்திருக்கிறது. மைக்ரோடிக் ஆலையிலிருந்து வரும் அமைப்பில் ஈதர்1 போர்ட் வெளி இணையத்துக்கு; மீதி நான்கும் ஒரே பிரிட்ஜில் லேன். ஃபயர்வாலின் இன்புட் வரிசையில் கடைசி விதி, லேன் பட்டியலில் இல்லாத போர்ட்டிலிருந்து வரும் எதையும் தள்ளிவிடு என்பது. கோத்தகிரி லிங்க்கை ஈதர்1-இல் செருகினால் எதிர்ப்பக்க ரூட்டர் ‘இருக்கிறேன்’ என்று அனுப்பும் ஹலோ உள்ளேயே வராது, நம் ஹலோ மட்டும் வெளியே போகும். எதிர்ப்பக்க ரூட்டரில் நெய்பர், அதாவது பக்கத்து ரூட்டர், இனிட் என்ற தொடக்க நிலையிலேயே நிற்கும், நம் பக்கம் பட்டியலே காலி. இந்த ஒருதலைத் தோற்றம்தான் அடையாளம். பார்த்தவுடன் ஃபயர்வாலுக்குப் போங்கள். தள்ளும் விதிக்கு மேலே, அந்த போர்ட்டிலிருந்து வரும் ஓஎஸ்பிஎஃப் புரோட்டோகாலை, அதாவது ஐபி புரோட்டோகால் எண் 89-ஐ, அனுமதிக்கும் ஒரு விதி போதும். கீழே போட்டால் பயன் இல்லை, வரிசைப்படிதான் படிக்கும். ஹலோ வருகிறதா என்று உறுதிசெய்ய டூல் ஸ்னிஃபர் குயிக் கமாண்டில் ஐபி புரோட்டோகால் ஓஎஸ்பிஎஃப் என்று வடிகட்டிப் பாருங்கள். ஃபயர்வால் தள்ளுவதற்கு முன்பே ஸ்னிஃபர் பார்த்துவிடும். ஆகவே ஸ்னிஃபரில் இருந்து நெய்பரில் இல்லையென்றால் குற்றவாளி பெரும்பாலும் நம் பெட்டிக்குள்ளேதான். இந்த ஸ்னிஃபர் ஒன்றுக்காகவே ஹெக்ஸுக்கு நல்ல மதிப்பெண் தரலாம்.

நெய்பர் ஃபுல் ஆனபின், அதாவது இணைப்பு முழுமையானபின், ரூட் வராவிட்டால், ரூட் பிறக்கும் இடத்திலிருந்து கிளம்பி ஒவ்வொரு ஏரியா எல்லையாகத் தாண்டி வர வேண்டும். ஊட்டியில் 10.30.1.0 இல்லை என்றால் ஊட்டியில் உட்கார்ந்து தேடுவது வீண். முதலில் கோத்தகிரியில் ரூட்டிங் ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ் பிரிண்ட்: அந்த லேன் இன்டர்ஃபேஸ் பட்டியலில் இருக்கிறதா, எந்த ஏரியாவில்? ரூட்டர்ஓஎஸ் 6-இல் நெட்வொர்க் என்று கொடுத்ததற்குப் பதில் 7-இல் இன்டர்ஃபேஸ் டெம்ப்ளேட் வந்துவிட்டது. டெம்ப்ளேட் பொருந்தாவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. அந்த இன்டர்ஃபேஸ் பட்டியலில் இருக்காது, அவ்வளவுதான். அடுத்து குன்னூரில் எல்எஸ்ஏ பிரிண்ட். எல்எஸ்ஏ என்பது ரூட்டர்கள் பரிமாறிக்கொள்ளும் தகவல் துண்டு. ஏரியா 1-இன் டேட்டாபேஸில் கோத்தகிரியின் ரூட்டர் எல்எஸ்ஏ இருக்க வேண்டும். அதே குன்னூரில், ஏரியா 0-இன் டேட்டாபேஸில் 10.30.1.0-க்கு வகை 3 எல்எஸ்ஏ, அதாவது ஓர் ஏரியாவின் ரூட்டை இன்னோர் ஏரியாவுக்குச் சொல்வது, இருக்க வேண்டும், எஸ் என்ற கொடியோடு, அதாவது இந்த ரூட்டரே பிறப்பித்தது என்ற குறியோடு. புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். எல்லை தாண்டியதும் ஒரிஜினேட்டர் மாறிவிடும். ஊட்டிக்கு ஏரியா 0 வழியாக வரும் வகை 3-இல் கோத்தகிரியின் ரூட்டர் ஐடியை, அதாவது அந்த ரூட்டரின் அடையாள எண்ணை, தேடிக்கொண்டே இருந்தால் விடிந்தாலும் கிடைக்காது. அங்கே இருப்பது குன்னூரின் ஐடி.

டேட்டாபேஸில் எல்எஸ்ஏ இருக்கிறது, ரூட் டேபிளில் ரூட் இல்லை. இதற்கு மூன்று காரணங்களை முதலில் சோதியுங்கள். பழைய ஸ்டாட்டிக் ரூட் ஒன்று. ஓஎஸ்பிஎஃப் போடுவதற்கு முன் கையால் எழுதிய ரூட்டை யாரும் அழித்திருக்க மாட்டார்கள். அதன் டிஸ்டன்ஸ் 1, ஓஎஸ்பிஎஃபின் டிஸ்டன்ஸ் 110; குறைந்ததே வெல்லும். ஓஎஸ்பிஎஃப் ரூட் இருந்தும் ஆக்டிவ் என்ற ஏ கொடி இல்லாமல் மூலையில் கிடக்கும். இரண்டாவது, ஃபில்டர். ரூட்டர்ஓஎஸ் 7-இல் ரூட்டிங் ஃபில்டர் செயின் ஒன்றைப் போட்டுவிட்டால், எந்த விதிக்கும் பொருந்தாத ரூட் இயல்பாகவே தள்ளப்படும். ஒரே ஒரு ரூட்டை மறுக்க ஒரு வரி எழுதி, கடைசியில் அக்செப்ட் வரியை மறந்தால் எல்லா ஓஎஸ்பிஎஃப் ரூட்டும் போய்விடும். 6-இலிருந்து 7-க்கு வந்தவர்கள் கையைச் சுட்டுக்கொள்ளும் மாற்றம் இது. ரூட்டிங் ரூட் பிரிண்டில் ஃபில்டர்டு என்ற எஃப் கொடியோடு அந்த ரூட்டுகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

மூன்றாவது கொஞ்சம் நயவஞ்சகமானது. லிங்க்கின் ஒரு முனையில் டைப் பிடிபி (இரண்டே ரூட்டருக்கான நேர் லிங்க்), மறுமுனையில் பிராட்காஸ்ட் (பல ரூட்டர் சேரும் லிங்க்). இரண்டுக்கும் ஹலோ 10 நொடி, டெட் 40 நொடி என்பதால் சண்டையே இல்லாமல் நெய்பர் ஃபுல் ஆகிவிடும். எல்எஸ்ஏக்களும் பரிமாறப்படும். ஆனால் ஒரு முனை தன் ரூட்டர் எல்எஸ்ஏவில் ‘எதிர் ரூட்டரோடு நேர் இணைப்பு’ என்று எழுதுகிறது. மறுமுனை ‘டிரான்சிட் நெட்வொர்க்’ என்று எழுதுகிறது. வழியைத் தேர்ந்தெடுக்கும் எஸ்பிஎஃப் கணக்கு இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் இணைப்பை மட்டுமே ஏற்கும். விளைவு: ஃபுல், டேட்டாபேஸ் நிறைய எல்எஸ்ஏ, ரூட் மட்டும் பூஜ்யம். ஒருபக்கம் ஹெக்ஸும் மறுபக்கம் வேறு கம்பெனி ரூட்டரும் இருக்கும் லிங்க்குகளில் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. இங்கே ரூட்டர்ஓஎஸ் ஒரு எச்சரிக்கை வரி காட்டியிருந்தால் எத்தனையோ மணி நேரம் மிச்சமாகும். காட்டுவதில்லை, மதிப்பெண் குறைகிறது.

இனி மலைக்கே உரிய சிக்கல். ஃபைபர் மின்கம்பத்தில் போகிறது, மழைக்காலத்தில் மரம் சாய்ந்தால் அறுகிறது, எனவே எல்லோரும் வளையமாகக் கட்டுகிறார்கள். நல்ல யோசனை. ஆனால் நம் எடுத்துக்காட்டில் குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே நேர் லிங்க் ஏரியா 0. மாற்று வழி கோத்தகிரி சுற்றி, ஏரியா 1 வழியாக. நேர் லிங்க் அறுந்ததும் என்ன ஆகும்? கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு பிங் போகும். கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கும் போகும். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் போகாது. கம்பி இருக்கிறது, நெய்பர் ஃபுல், சுற்றுவழி கண்ணெதிரே கிடக்கிறது, ரூட் இல்லை.

இது ஹெக்ஸின் கோளாறு இல்லை, 1998-இல் வெளியான ஓஎஸ்பிஎஃப் தர ஆவணம் ஆர்எஃப்சி 2328-இன் விதி. பேக்போனில் கால் வைத்திருக்கும் எல்லை ரூட்டர், வேறு ஏரியா வழியாக வரும் வகை 3 எல்எஸ்ஏவைக் கணக்கில் எடுக்காது; பேக்போன் வழியாக வருவதை மட்டுமே எடுக்கும். லூப் வராமல் இருக்க வைத்த கட்டுப்பாடு. நேர் லிங்க் அறுந்தாலும் குன்னூரின் லேனும் ஊட்டியின் லேனும் ஏரியா 0-இல் உயிரோடு இருப்பதால், இரண்டு ரூட்டரும் தங்களைப் பேக்போன் ரூட்டராகவே நினைக்கின்றன. குன்னூர் தன் 10.20.0.0-ஐ வகை 3 ஆக ஏரியா 1-க்குள் சொல்கிறது, ஊட்டி அதைக் கேட்கிறது, கேட்டும் ஒதுக்கிவைக்கிறது. எல்எஸ்ஏ பிரிண்டில் ஊட்டியின் ஏரியா 1 டேட்டாபேஸைத் திறந்தால் அந்த வகை 3 அழகாக உட்கார்ந்திருக்கும். ஆளைக் குழப்புவது அதுதான்.

தீர்வு இரண்டு. சின்ன நெட்வொர்க் என்றால் கோத்தகிரி லிங்க்குகளையும் ஏரியா 0-க்கே மாற்றிவிடுங்கள். வளையம் முழுவதும் ஒரே ஏரியா. முடியாது என்றால் குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே ஏரியா 1 வழியாக வெர்ச்சுவல் லிங்க், அதாவது பேக்போனை ஒட்டவைக்கும் ஒரு கற்பனை லிங்க். ரூட்டர்ஓஎஸ் 7-இல் இதற்குத் தனி மெனு கிடையாது. இன்டர்ஃபேஸ் டெம்ப்ளேட்டில் டைப் வெர்ச்சுவல் லிங்க், ஏரியா பேக்போன், விலிங்க் டிரான்சிட் ஏரியாவாக ஏரியா 1, விலிங்க் நெய்பர் ஐடியாக எதிர் ரூட்டரின் ரூட்டர் ஐடி. இதை இரண்டு முனையிலும் எழுத வேண்டும். தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. நெய்பர் ஐடி இடத்தில் லிங்க்கின் ஐபியை எழுதுவது. இடையில் உள்ள ஏரியா 1 ஸ்டப்பாக இருப்பது. ஸ்டப் வழியாக வெர்ச்சுவல் லிங்க் போகவே போகாது. மூன்றாவதாக, கோத்தகிரியின் ஃபார்வர்டு ஃபயர்வால். வெர்ச்சுவல் லிங்க்கின் பாக்கெட் மல்டிகாஸ்ட் இல்லை, யூனிகாஸ்டாகக் கோத்தகிரியைக் கடந்து போகிறது. அங்கே புரோட்டோகால் 89-ஐ ஃபார்வர்டில் தடுத்திருந்தால் லிங்க் எழும்பாது. ரூட்டர் ஐடியையும் கையால் நிலையாக வையுங்கள். விட்டுவிட்டால் பெட்டி தன்னிடம் உள்ள முகவரிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். பின்னால் அது மாறினால் வெர்ச்சுவல் லிங்க் அறுந்துவிடும்.

ரூட்டர் ஐடி என்றதும் இன்னொன்று. ஒரு ஹெக்ஸைச் சரியாக அமைத்து, அதன் எக்ஸ்போர்ட்டை அடுத்த பெட்டியில் அப்படியே ஏற்றுவது எல்லோரும் செய்வது. ஐபி மாற்றுகிறார்கள், ரூட்டர் ஐடியை மறக்கிறார்கள். ஒரே ஏரியாவில் இரண்டு பெட்டிக்கு ஒரே ஐடி இருந்தால், ஒன்றின் எல்எஸ்ஏவை மற்றொன்று அடித்து எழுதிக்கொண்டே இருக்கும். ரூட் வரும், போகும், வரும். எல்எஸ்ஏவின் சீக்வென்ஸ் எண் நிமிடத்துக்கு நிமிடம் ஏறுகிறதா என்று பாருங்கள். அமைதியான நெட்வொர்க்கில் 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அது புதுப்பிக்கப்படும்.

கீழ்கோத்தகிரிக்கு வருவோம். அதை ஏரியா 2 என்று தனியாகப் பிரித்தால் நடுவில் நிற்கும் கோத்தகிரிக்கு ஏரியா 1, ஏரியா 2 இரண்டும் உண்டு, ஏரியா 0 இல்லை. கோத்தகிரி 10.40.1.0-ஐ ஏரியா 1-க்குள் சொன்னாலும் குன்னூர் மேலே சொன்ன அதே விதிப்படி ஒதுக்கிவிடும். பேக்போன் இல்லாமல் இரண்டு ஏரியாவில் நிற்கும் ரூட்டர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கென்றே 2003-இல் ஆர்எஃப்சி 3509 வந்தது. கம்பெனிக்குக் கம்பெனி நடத்தை மாறும் என்று புரிந்துகொள்ளுங்கள். இங்கேயும் வெர்ச்சுவல் லிங்க் போடலாம்தான். ஆனால் ஓர் எடை ஷெட்டுக்கு அது தேவையா? ஏரியா 2 என்ற எண்ணை அழித்து, ஷெட்டை ஏரியா 1-இல் சேர்த்தால் வேலை முடிந்தது.

மஞ்சூரில் நோ சம்மரீஸ் போட்ட ஸ்டப் என்றால் மற்ற ஏரியா ரூட் ஒன்றுகூடத் தெரியாது, டிஃபால்ட் ரூட் மட்டும் வரும். அது கோளாறு இல்லை. கோளாறு வேறு விதமாக வரும். மஞ்சூர் லேனுக்கு டெம்ப்ளேட் எழுதச் சோம்பல்பட்டு, இன்ஸ்டன்ஸில் ரீடிஸ்ட்ரிப்யூட் கனெக்டட் போடுகிறார்கள். அது வகை 5 ஆக, அதாவது வெளி ரூட்டைச் சொல்லும் எல்எஸ்ஏவாக, பிறக்க வேண்டியது. ஸ்டப்புக்குள் வகை 5-க்கு இடமே இல்லை. எனவே 10.50.1.0 உலகத்தில் யாருக்கும் தெரியாது. லேன் இன்டர்ஃபேஸுக்கும் டெம்ப்ளேட் எழுதி பேசிவ் ஆக்குவதே சரியான முறை. பேசிவ் என்றால் ஹலோ போகாது, ரூட் போகும்.

ஏரியா ரேஞ்ச், அதாவது பல ரூட்டை ஒரே முகவரி வரம்பாகச் சுருக்கிச் சொல்வது, அமைத்திருந்தால் அதில் அட்வர்டைஸ் நோ என்று இருக்கிறதா பாருங்கள். அந்த ரேஞ்சுக்குள் வரும் எல்லா ரூட்டும் எல்லையில் விழுங்கப்படும். என்எஸ்எஸ்ஏ, அதாவது வெளி ரூட்டை வகை 7 ஆக ஏற்கும் ஸ்டப், வைத்திருப்பவர்களுக்கும் இதே இடத்தில் ஒரு பொறி உண்டு. வகை 7 எல்எஸ்ஏவில் எழுதியிருக்கும் ஃபார்வர்டிங் அட்ரஸ் அந்த ரேஞ்சில் மறைந்துவிட்டால், வெளி ரூட் மற்ற ஏரியாக்களின் டேட்டாபேஸிலும் இருக்கும், அங்கே டேபிளில் மட்டும் ஏறாது.

டனல்கள். ரூட்டர்ஓஎஸ் 7-இல் வயர்கார்டு என்ற மறையாக்க டனல் இருப்பது ஹெக்ஸ் வாங்க நல்ல காரணம். கூடலூர் போன்ற இடத்தில் சொந்த லிங்க் இல்லாமல் பொது இணையத்தின் மேலேயே ஏரியாவை நீட்டலாம். ஆனால் அலவ்டு அட்ரஸில் ஓஎஸ்பிஎஃபின் மல்டிகாஸ்ட் முகவரியான 224.0.0.5 இல்லாவிட்டால் ஹலோ வெளியே போகாது. அதைச் சேர்த்துவிட்டு எதிர்ப்பக்க லேன்களைச் சேர்க்காவிட்டால் இன்னும் மோசம்: ரூட் டேபிளில் ரூட் பளிச்சென்று இருக்கும், பாக்கெட் போகாது. ஒரே வயர்கார்டு இன்டர்ஃபேஸில் இரண்டு பியர் வைத்தால் 224.0.0.5 இருவரில் ஒருவருக்கே சொந்தம். எனவே கிளைக்கு ஓர் இன்டர்ஃபேஸ், அலவ்டு அட்ரஸ் 0.0.0.0/0, ஓஎஸ்பிஎஃப் டைப் பிடிபி. எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, இரு முனையிலும் ஒன்றாக இருக்கட்டும். ஒருபக்கம் 1420, மறுபக்கம் பிபிபிஓஇ லைன் என்று குறைத்து 1412 வைத்தால் நெய்பர் ஃபுல்லுக்கு முந்தைய எக்ஸ்ஸ்டார்ட் நிலையில் சிக்கிக்கொள்ளும். ஃபுல் ஆகாத நெய்பரிடமிருந்து ரூட் வராது.

சொந்த வயர்லெஸ் லிங்க் வைத்திருப்பவர்கள் பனிமூட்டத்தைத் திட்ட வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸை மூட்டம் பெரிதாகத் தொடாது. கனெக்டரில் இறங்கும் தண்ணீரும், தோட்டத்தில் வருடா வருடம் உயரும் சில்வர் ஓக்கும்தான் எதிரி. சிக்னல் நலிந்த லிங்க்கில் முதலில் அடிபடுவது மல்டிகாஸ்ட். 40 நொடிக்குள் ஒரு ஹலோகூட வராவிட்டால் நெய்பர் விழும், அந்த ஏரியாவின் ரூட் மொத்தமும் மறையும். நெய்பர் பிரிண்டில் ஸ்டேட் சேஞ்சஸ் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கான்ஃபிக்கை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள்.

பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. 8 முதல் 30 வோல்ட் டிசி வரை ஏற்பதால் 12 வோல்ட் பேட்டரியிலேயே நேராக ஓடும். கரண்ட் நிற்கும் மலையில் இது பெரிய வசதி. கன்சோல் போர்ட் கிடையாது. அதற்கு ஈடாக மேக் டெல்நெட் உண்டு: ரூட்டிங் முழுக்கக் குலைந்து கிடந்தாலும், அதே லேயர் 2 லிங்க்கில் இருக்கும் பக்கத்துப் பெட்டியிலிருந்து உள்ளே நுழையலாம். ஆலை அமைப்பில் அதுவும் லேன் பட்டியலுக்கு மட்டுமே திறந்திருக்கும், ஈதர்1-இல் வேலை செய்யாது. வயர்கார்டு மேலேயும் வேலை செய்யாது. தூரத்துப் பெட்டியில் ஏரியா மாற்றுவதற்கு முன் சேஃப் மோடை அழுத்துங்கள். இணைப்பு அறுந்தால் சில நிமிடங்களில் மாற்றத்தைத் தானே திருப்பிவிடும். ஊட்டியிலிருந்து கூடலூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலைப்பாதை; அந்தப் பொத்தானின் அருமை அப்போது தெரியும்.

குறை என்றால் 16 எம்பி ஃபிளாஷ். ரூட்டர்ஓஎஸ் 7 ஏறியபின் மிச்சம் சொற்பம். பேக்கப் கோப்புகளை உள்ளே சேர்த்துவைத்தால் அடுத்த அப்கிரேடு இடமில்லை என்று நிற்கும். பதிவுகள் இயல்பில் ராமில் இருப்பதால் கரண்ட் போனால் சாட்சியும் போகும். ஒரு மைக்ரோஎஸ்டி கார்டு போட்டு, லாக்கிங்கில் ஓஎஸ்பிஎஃப் தலைப்பைச் சேர்த்து, கார்டுக்கோ குன்னூர் சர்வருக்கோ எழுதவிடுங்கள். ஹலோ இடைவெளி பொருந்தாதது, ஏரியா எண் மாறியிருப்பது போன்ற நெய்பர் தகராறுகள் அந்தப் பதிவில்தான் பிடிபடும். இன்று புதிதாக வாங்குகிறவர்கள் 512 எம்பி ராமும் 128 எம்பி ஃபிளாஷும் உள்ள ஹெக்ஸ் ரிஃப்ரெஷ் மாடலையே கேட்டு வாங்கலாம்.

பத்துப் பதினைந்து இடங்களுக்குள் முடியும் தோட்ட நெட்வொர்க்குக்குத் தாராளமாக வாங்கலாம், எல்லாவற்றையும் ஏரியா 0-இல் போட்டு. அந்த அளவுக்கு 256 எம்பி ராம் மூச்சுவாங்காது. ஏரியா பிரித்தே ஆக வேண்டிய பெரிய அமைப்பு என்றால், எல்லை ரூட்டராக நிற்கும் குன்னூர், ஊட்டி இரண்டு இடத்துக்கும் சீரியல் கன்சோலும் பெரிய ஃபிளாஷும் உள்ள பெட்டியை வாங்குங்கள். ஹெக்ஸ் கிளைகளில் இருக்கட்டும்.